வாடகை எவ்வளவு எண்டு ஆரைக் கேக்கிறது?

நல்லூரில் இரண்டு அறை வீடு ஒன்றுக்கு மாத வாடகை எவ்வளவு? கடந்த பத்து வருஷத்தில் இங்கே எத்தனை தொடர்மாடி எழும்பியிருக்கு? மூன்றாம் வருஷ ஒப்படை ஒன்றுக்காக இந்த இரண்டு கேள்விகளையும் எடுத்தேன். பல்கலைக்கழகத்தில இருந்து கோயில் வீதி வரைக்கும் சைக்கிளில் போனாலே கட்டிக்கொண்டிருக்கிற மாடிகள் கண்ணில் படும். வாடகையைப் பற்றிக் கதைக்காத போடிங்கும் இல்லை. ஆனால் ஒப்படைக்குத் தேவை எண்.

இணையத்தில் தேடினால் வருவது கொழும்பு. மத்திய வங்கி காணிப் பெறுமதிச் சுட்டி ஒன்றை வெளியிடுகிறது. அது கொழும்பு மாவட்டத்துக்கு. தொடர்மாடிச் சந்தை பற்றிய அவர்களின் அறிக்கைகளும் பெரும்பாலும் கொழும்பையும் அதை அண்டின இடங்களையும் பற்றியவை. அங்கே காணியைப் பேர்ச்சில் கதைக்கினம், இங்கே பரப்பில். ஒரு பரப்பு பத்துப் பேர்ச் என்று பெருக்கிப் பார்க்கலாம்தான், ஆனால் கொழும்பு விலையைப் பத்தால் பெருக்கினால் நல்லூர் விலை வராது.

சரி, குடிசன மதிப்பீட்டைப் பார்ப்பம் என்று போனால் அங்கே ஒரு பெரிய ஓட்டை. 1981க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் முழுதாக நடந்த அடுத்த கணக்கெடுப்பு 2012இல்தான். 1991இல் நாட்டிலேயே நடக்கவில்லை, 2001இல் வடக்கில் முடிக்க முடியவில்லை. இன்றைய யாழ். மாவட்ட எல்லைக்குள் 1981இல் 7 லட்சத்து 38 ஆயிரம் பேர். 2012இல் சுமார் 5 லட்சத்து 83 ஆயிரம். இடையில் 31 வருஷம். ஆர் போனது, எந்த வீடு பூட்டிக் கிடந்தது, ஆர் யாருடைய வீட்டில் இருந்தது என்பதெல்லாம் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் எங்கேயோ கிடக்கு.

2012 கணக்கெடுப்பு வீட்டைப் பற்றி நிறையக் கேட்டது. சொந்த வீடா, வாடகையா, வாடகை இல்லாமல் இருக்கிறீர்களா என்பதும் அதில் உண்டு. எத்தனை பேர் வாடகைக்கு இருக்கினம் எண்டு பார்க்கலாம், எவ்வளவு குடுக்கினம் எண்டு பார்க்க ஏலாது. "வாடகை இல்லாமல்" என்ற வகையை நான் முதலில் ஏழைகளின் வகை என்றுதான் வாசித்தேன். எங்கட ஒழுங்கையில் அதன் அர்த்தம் வேறயும் இருக்கலாம். கனடாவில் இருக்கிற சித்தப்பாவின் வீட்டைப் பார்த்துக்கொண்டு கீழே இருக்கிற குடும்பமும் வாடகை இல்லாமல்தான் இருக்குது. மேல்மாடி பூட்டு. திருவிழாவுக்கு ஆக்கள் வந்தால் திறக்கும். 25 நாள் திருவிழாவில் அதே மேல்மாடிக்கு நாள் வாடகையும் வரும். அந்த வீட்டின் வாடகை எவ்வளவு என்றால் எதைச் சொல்லுறது?

வாடகைச் செலவு பற்றிய கணக்கு வேணுமெண்டால் வீட்டு வருமான செலவின ஆய்வு இருக்கு, 2019இலும் நடந்தது. அது மாவட்ட அளவில் நிற்கும். நெடுந்தீவும் நல்லூரும் ஒரே சராசரிக்குள்.

அதைவிட, "நல்லூர்" என்றால் எது என்பதே சிக்கல். கந்தசுவாமி கோயில் யாழ். மாநகர சபை எல்லைக்குள். திருநெல்வேலிச் சந்தை நல்லூர் பிரதேச சபைக்குக் கீழ். இரண்டும் நல்லூர் பிரதேச செயலகப் பிரிவுக்குள். அதனால் கட்டட அனுமதிக் கோப்புகள் இரண்டு சபைகளில் பிரிந்து இருக்கும், ஆட்களின் கணக்கு செயலகத்தில் ஒன்றாக இருக்கும். தொடர்மாடி என்ற சொல்லும் அப்படித்தான். சட்டப்படி கூட்டாதனம் என்றால் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு வீடும் தனித்தனி உடைமையாகப் பதிந்திருக்கவேணும். ஒரே ஆளின் பெயரில் நாலு மாடி கட்டி, எட்டுக் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டால் அது கூட்டாதனக் கணக்கில் வராது. நாங்கள் றோட்டில் எண்ணுகிற தொடர்மாடி ஒன்று, பதிவேடு எண்ணுகிறது இன்னொன்று.

இத்தனைக்கும் நடுவில் எனக்கு ஆச்சரியம் தந்தது சோலைவரி. வரித்துண்டில் "ஆண்டுப் பெறுமதி" என்று ஒன்று இருக்கும். வீட்டில் யாரும் அதைக் கவனிப்பதில்லை, கட்டவேண்டிய தொகையைத்தான் பார்ப்போம். மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு வரைவிலக்கணம் இருக்கு: நியாயமாகப் பார்த்தால் ஒரு வாடகைக்காரர் அந்த வீட்டுக்கு வருஷத்துக்குத் தரக்கூடிய வாடகை. அதாவது வரி விதிக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும், சொந்தக்காரரே குடியிருந்தாலும், ஒரு வாடகை மதிப்பு சபையின் பதிவேட்டில் ஏற்கெனவே எழுதிக் கிடக்கு! முந்தின வருஷ மதிப்பீட்டையே அடுத்த வருஷத்துக்கும் ஏற்கச் சட்டம் இடம் தருவதால் அந்த எண் சந்தையை விடப் பின்தங்கியிருக்கும். இருந்தாலும் எந்த வட்டாரம் எதை விட உயர்வு, எங்கே புதுக் கட்டடம் கூடியிருக்கு என்பதை அதில் பார்க்கலாம். போர்த்துக்கேயரும் பிறகு ஒல்லாந்தரும் யாழ்ப்பாணத்தில் தோம்பு எழுதினதும் வரிக்காகத்தான். இந்த ஊரில் நிலத்தை எண்ணினவர்கள் எப்பவும் வரி கேட்க வந்தவர்கள்.

பதிவேடு வரும்வரை காத்திருக்காமல் நானும் தோழி ஒருத்தியும் கொப்பியோடு இறங்கினோம். பத்திரிகை விளம்பரம், மதிலில் ஒட்டின துண்டு, தரகர் சொன்னது, போடிங்கில் இருக்கிற பிள்ளைகள் உண்மையில் குடுக்கிறது. கந்தர்மடம், கலட்டி, பரமேஸ்வராச் சந்தி, கொக்குவில் பக்கம் என்று ஒழுங்கை ஒழுங்கையாக. விளம்பரத்தில் பெரும்பாலும் தொகை இருக்காது. தொலைபேசி எண் இருக்கும்.

அந்த எண்ணை எடுத்தால் நாங்கள் வாடகையைக் கேட்க முதல் அவர்கள் கேட்பார்கள். "பிள்ளை எந்த ஊர்?" "அப்பா என்ன செய்யிறார்?" "சைவமோ?" ஒரு வீட்டுக்குத் தோழி எடுத்தாள். அவளின் அம்மப்பா ஆக்கள் மலையகத்தில இருந்து வன்னிக்கு வந்தவர்கள். ஊரைச் சொன்னாள், பிறகு ஊருக்குள் எந்த இடம் என்று கேட்டார்கள், அதையும் சொன்னாள். "ஐயோ பிள்ளை, நேற்றுத்தான் வேற ஆக்களுக்குக் குடுத்திட்டம்." அரை மணித்தியாலத்துக்குப் பிறகு நான் எடுத்தேன். என் ஊரைச் சொன்னேன். "ஓமோம், வந்து பாருங்கோ. முற்பணம் பிறகு கதைப்பம்" என்றார் அதே அன்ரி, அதே அன்பான குரலில்.

தோழி சிரித்தாள். எனக்குத்தான் கொப்பியில் என்ன எழுதுறது என்று தெரியவில்லை. வாடகை என்ற பத்தியில் எனக்கு ஒரு தொகை இருந்தது, அவளுக்கு ஒன்றும் இல்லை. சராசரி எடுக்கும்போது என் எண் சேரும், அவளின் அழைப்பு காணாமல் போகும். எங்கட ஊரில் வாடகைத் தரவு இல்லை என்று நாங்கள் குறைப்படுகிறோம். இல்லாமல் இருப்பது சிலருக்கு வசதி. "இப்ப எல்லா இடமும் இதுதான் ரேட்" என்று ஒருவர் சொன்னால் மறுத்துக் காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை. தரவு கிடைத்தாலும் அது மறுக்கப்பட்டவர்களைச் சேர்க்காவிட்டால் பாதி ஊரின் தரவுதான். அதனால் கொப்பியில் புதிதாக ஒரு பத்தி போட்டோம்: "என்ன கேட்டார்கள்".

மாடிகளை எண்ணுவதற்கு இன்னொரு காரணம் கிணறு. குடாநாட்டுக்கு அடியில் இருப்பது சுண்ணக்கல். குழாய்வழிக் கழிவகற்றல் நகரத்தில் இல்லை, மலக்குழிதான். ஒரு குடும்பம் இருந்த வளவில் எட்டுக் குடும்பம் வந்தால் குழிக்குள் போவது எட்டு மடங்கு, பக்கத்து வளவுக் கிணறு இருந்த இடத்தில்தான் இருக்கும். 2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்தார்கள். நல்ல விஷயம். ஆனாலும் எந்த ஒழுங்கையில் எத்தனை மாடி என்று தெரியாமல் எங்கே குழாய் முதலில் வேணும் என்று எப்படித் தீர்மானிக்கிறது?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் இருந்து நடைமுறையில் இருக்கு. காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம், 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி முடிவைச் சொல்லவேணும். பெயரும் வீட்டு இலக்கமும் வேண்டாம், வட்டாரம் வட்டாரமாக ஆண்டுப் பெறுமதியின் மொத்தமும், இரண்டு மாடிக்கு மேல் அனுமதி குடுத்த கட்டடங்களின் எண்ணிக்கையும் தாருங்கள் என்று இரண்டு சபைக்கும் ஒரே கடிதத்தை எழுதி வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை விரிவுரை முடியக் கொண்டுபோய்க் குடுக்கவேணும். தோழி இதற்கிடையில் கொக்குவில் பக்கம் ஒரு அறை எடுத்துவிட்டாள். வாடகையைக் கொப்பியில் அவளே எழுதினாள், "என்ன கேட்டார்கள்" என்ற பத்தியில் ஒரு கோடு இழுத்துவிட்டு.