அம்மா தலைவராக இருந்த ஓராண்டு

கட்டடக் கலைஞர் என்றால் யார் என்று எங்கள் வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் "எஞ்சினியர்" என்பர்; மீதிப் பேர் "மேஸ்திரி" என்பர். இரண்டும் அல்ல. ஐந்தாண்டுகள் கட்டடக் கலை பயின்று, 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டடக் கலை மன்றத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டவரே தம்மை 'ஆர்க்கிடெக்ட்' என்று சொல்லிக்கொள்ளலாம். என் தாயார் அவர்களுள் ஒருவர். கூடலூர் முதல் பெரியகுளம் வரை எங்கள் பக்கத்தில் தொழில் செய்யும் இவர்களுக்கு ஒரு சிறு சங்கம் உண்டு. எல்லாரையும் ஏற்றினாலும் ஒரு பேருந்தில் பாதி இருக்கைகள் காலியாக இருக்கும். சென்ற ஆண்டு ஆனி மாதம் அம்மாவை அதன் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். பதவிக் காலம் ஓராண்டு. அது இப்போது முடிந்துவிட்டது. அந்த ஓராண்டை நான் வீட்டிலிருந்து எப்படிக் கண்டேன் என்பதை எழுதுகிறேன்.

தலைவர் என்றால் மாலை உண்டு அன்றோ? அது ஒரு நாள் வந்தது. அப்பத்தா அதை வாசல் நிலையில் தொங்கவிட்டு, அது சருகாகும் வரை வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினார். மற்ற நாட்களெல்லாம் தொலைபேசிதான். ஒருவர் மற்றவரின் வேலையைக் குறைந்த கட்டணம் சொல்லித் தட்டிக்கொண்டார் என்று ஒரு புகார். கூட்டத்துக்கு அழைப்பு வரவில்லை என்று ஒரு புகார். வடை ஆறிப் போயிருந்தது என்றும் ஒருவர் புகார் சொன்னார்! முதல் கூட்டத்திலேயே ஒரு பெரியவர், "வரவு செலவுக் கணக்கை உங்கள் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வாரா?" என்று அம்மாவிடம் கேட்டாராம். எங்கள் அப்பா வீட்டுப் பால் கணக்கையே எழுத மாட்டார்.

அவர் கேட்டது எனக்குச் சினத்தை உண்டாக்கியது. ஆகவே, இத்தொழிலில் பெண்கள் யார் யார் என்று தேடினேன். 1936-ஆம் ஆண்டிலேயே பம்பாயில் பெரின் மிஸ்திரி என்னும் பெண்மணி கட்டடக் கலையில் பட்டயம் பெற்றிருக்கிறார். நம் அண்டை நாடான இலங்கையின் மினெட் டி சில்வா, 1948-இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் கழகத்தில் உறுப்பினரான முதல் ஆசியப் பெண்மணி. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அவர்களும் கணக்கைத் தாங்களேதான் எழுதியிருப்பார்கள்" என்றார்.

தேடியபோது வேறொரு செய்தியும் கிடைத்தது. இந்தியக் கட்டடக் கலைஞர் கழகம் என்னும் பெரிய அமைப்பு 1917-ஆம் ஆண்டு மே மாதம், பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியின் பழைய மாணவர்கள் கூடியதிலிருந்து பிறந்ததாம். அதன் முதல் தலைவர் ஜார்ஜ் விட்டெட், பாடப் புத்தகத்தில் நாம் படம் பார்க்கும் 'இந்தியாவின் நுழைவாயி'லை வடிவமைத்தவர். நம் பழைய மாணவியர் மன்றத்து அக்காமார் இதை அறிந்தால் மகிழ்வர்.

அம்மாவின் ஓராண்டில் எனக்கு மிகவும் பிடித்தது ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள். ஆடிக் காற்றைப் பற்றி இவ்வூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலை இடைவெளிகளின் வழியே மேற்கிலிருந்து இறங்கி வரும் அந்தக் காற்றை நம்பித்தானே ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள்! 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியில் கீற்றுக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் மாண்டனர். அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. பல இடங்களில் தகரம் வந்தது. தகரத்துக்குத் தீயைவிடக் காற்றே பகை. "நம் பக்கத்துச் சிறு பள்ளிகளின் தகரக் கொட்டகைகளைக் கூலி வாங்காமல் பார்த்துக் கொடுப்போம்" என்று அம்மா சங்கத்தில் சொன்னார். ஐந்து பேர் வந்தார்கள். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க நானும் போனேன்.

காற்று கூரையை அழுத்தும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். உண்மையில் அது கூரையை மேலே இழுக்கிறது. ஓரங்களிலும் மூலைகளிலும் அந்த இழுப்பு மிகுதி. ஆதலால் நடுவில் எத்தனை போல்ட் இருந்தாலும் ஓரத்தில் நெருக்கமாக இல்லாவிட்டால் தகடு அங்கிருந்தே கிளம்பும். ஒரு கொட்டகையில் ஓர வரிசை முழுவதும் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது. கீழே இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பலகைகள். அம்மா ஒன்றும் பேசாமல் ஏணியில் ஏறி, அந்தத் தகட்டை ஒரு விரலால் தூக்கிக் காட்டினார். அந்த வாரமே போல்ட் போட்டார்கள். பழைய ஓட்டு வீடுகளின் தாழ்வாரம் ஏன் அவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று அன்றுதான் யோசித்தேன்.

இனிச் சொல்வது அவ்வளவு இனிப்பான செய்தி அன்று. வரைபடத்தில் கையொப்பம் இடுபவர் அந்த மனையை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்று ஒரு தீர்மானத்தை அம்மா கொண்டுவந்தார். 2014-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் சென்னை மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்த செய்தியைத் தாளில் படித்த நாளிலிருந்து அம்மாவின் மனத்தில் இருந்த எண்ணம் அது. எதிர்த்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். "தேனியிலிருந்து கம்பம் 40 கிலோமீட்டர். அறுநூறு சதுர அடி வீடு கட்டும் ஏழை கொடுக்கும் கட்டணத்தில் நான் ஒரு நாளைத் தொலைத்தால் என் வீட்டு அடுப்பு எரியுமா?" என்று ஒருவர் கேட்டார். அவர் அம்மாவுக்குத் தொழிலின் தொடக்கத்தில் கம்பி கட்டுவதைக் கற்றுக் கொடுத்தவர். நான் 'பெரியப்பா' என்று அழைப்பவர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் 'ஆர்க்கிடெக்ட்' என்ற பெயரைத்தான் காக்கிறது, அந்தத் தொழிலை மற்றவர் செய்வதைத் தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்துவிட்டது. நாம் கையொப்பமிட மறுத்தால் வீட்டுக்காரர் வேறொருவரிடம் போய்விடுவார். அப்படியானால் தீர்மானத்தால் யாருக்கு என்ன பயன்? பெரியப்பா இதைத்தான் கேட்டார். எனக்கு அவர் கேட்டது நியாயமாகவே பட்டது. அம்மாவுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். அன்றிரவு சாப்பிடாமல் அலுவல் மேசையிலேயே உட்கார்ந்திருந்தார்.

மறு கூட்டத்தில் தீர்மானத்தை மாற்றி எழுதிக்கொண்டு போனார். மனைக்கு அருகில் இருக்கும் உறுப்பினர் போய்ப் பார்த்து எழுதிக் கொடுக்கலாம். அடுத்த முறை இவர் அவருக்குச் செய்யலாம். பணம் கைமாற வேண்டாம். வாக்கெடுப்பில் சிறு வேறுபாட்டில் நிறைவேறியது. பெரியப்பா அதற்கும் கை தூக்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு அவர் வீட்டு முறுக்கு வரவில்லை. அம்மா அனுப்பிய பலகாரத் தட்டு வெறுந்தட்டாகத் திரும்பியது. நம் ஊரில் அதற்கு என்ன பொருள் என்று தாய்மார்கள் அறிவார்கள். அப்பத்தா, "ஒரு வருஷ நாற்காலிக்காக இருபது வருஷ உறவை விடுவாயா?" என்று அம்மாவைக் கடிந்துகொண்டார். அம்மா பதில் சொல்லவில்லை. நான் மட்டும் அப்பத்தாவோடு இரண்டு நாள் பேசவில்லை.

சென்ற ஆனியில் தீர்மானப் புத்தகத்தையும் முத்திரையையும் அம்மா புதிய தலைவரிடம் ஒப்படைத்தார். தீர்மானத்தைச் சிலர் கடைப்பிடிக்கிறார்கள், சிலர் விட்டுவிட்டார்கள். வீட்டில் தொலைபேசி ஓய்ந்துவிட்டது. எனக்கும் பொதுத்தேர்வு நெருங்குவதால் அளவு நாடாவைத் தொட அனுமதி இல்லை.

இந்த ஆடியில் ஒரு காலை பெரியப்பா அழைத்தார். நலம் விசாரிக்கவில்லை. உத்தமபாளையத்துக்கு அப்பால் ஒரு மனை, தமக்கு முழங்கால் வலி, அம்மா அந்தப் பக்கம் போவதுண்டா என்று மட்டும் கேட்டார். அம்மா அன்று அந்தப் பக்கம் போகிறவர் அல்லர். "போகிறேன் அண்ணே" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் புறப்பட்டார்.