தாத்தாவும் 214 கோடியும்

என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். போன மாதம் ஒரு சனிக்கிழமை போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"அம்மா, கேம்ல காயின் ஏறவே மாட்டேங்குது. 2147483647-லயே நிக்குது. போன் கெட்டுப்போச்சா?"

எனக்கும் கணக்குக்கும் என்றைக்குமே ஆகாது. விழித்தேன். ஹாலில் ஈஸிசேரிலிருந்து குரல் வந்தது.

"அந்த நம்பரை இன்னொரு தடவை சொல்லுடா."

என் அப்பா! முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். குளுக்கோமாவில் இரண்டு கண்ணும் போன பிறகு, ஒன்றரை வருடமாக 'காபி', 'போதும்' தவிர பேச்சே இல்லை. ரேடியோகூட வேண்டாம் என்றுவிட்டார்.

"போன் கெடலைடா. கம்ப்யூட்டருக்கு 0, 1 ரெண்டுதான் தெரியும். எண்ணை எழுத 32 கட்டம். ஒரு கட்டம் பிளஸ்ஸா மைனஸான்னு காட்ட. மிச்சம் 31 கட்டத்துலயும் 1 போட்டா, இந்த நம்பர். அதுக்கு மேல எழுத இடமில்லை" என்றார். "இன்னொண்ணு, இது பகா எண். ஒண்ணையும் தன்னையும் தவிர எதுவும் இதை மீதியில்லாம வகுக்காது."

"எல்லாத்தாலயும் வகுத்துப் பார்த்தாங்களா தாத்தா?"

"தேவையில்லை. இதோட வர்க்கமூலம் 46340 சொச்சம். அதுவரைக்கும் இருக்கிற பகா எண்களைப் பார்த்தா போதும். அதுவே 4792 இருக்கு. ஆய்லர்னு ஒரு மேதை. இதை வகுக்கிற பகா எண் ஏதாவது இருந்தா, அதை 248-ஆல வகுக்கும்போது மீதி 1 இல்லேன்னா 63தான் வரணும்னு கண்டுபிடிச்சார். சலிச்சுப் பார்த்தா நூறுக்கும் குறைவான பகா எண்கள்தான் மிஞ்சும். அதுல எதுவும் வகுக்கலை. 1772-லயே சொல்லிட்டார்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அப்போ அவருக்குக் கண் பார்வை ஏறக்குறைய போயாச்சு. அவர் மனசுல போட்டுச் சொல்லுவார். மகனும் உதவிக்கு இருந்தவங்களும் எழுதிக்குவாங்க."

நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். என் மகன் யோசிக்கவே இல்லை.

"அப்ப நான் எழுதிக்கிறேன் தாத்தா. நீங்க சொல்லுங்க."

அன்றிலிருந்து ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு நோட்டும் பென்சிலும் ஈஸிசேர் பக்கத்துக்குப் போய்விடும். கால்குலேட்டர் தொடக்கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். முதலில் 311. மீதி 35. வகுபடவில்லை.

நேற்று 1303. நான் அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"மீதி 262, தாத்தா."

"மறுபடி பாரு. 226 வரணும்."

பென்சில் கீறும் சத்தம். அப்புறம் ஒரு சிரிப்பு.

"ஆமா தாத்தா, மாத்தி எழுதிட்டேன்!"

"பரவாயில்லை. அடுத்தது 1489, எழுதிக்கோ" என்றார் அப்பா.

கையில் இருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டுக் குழாயை மூடினேன். அவர் பேசுவது எனக்கும் கேட்க வேண்டுமே!