ஆடியிலும் அச்சடிக்கும் தெரு

ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்த வருஷம், ஆனி முடியப்போகும் சமயம் ஊருக்குப் போக லீவு கேட்டேன். ஆடியில் யார் பத்திரிகை அடிக்கப்போகிறார்கள் என்று எனக்குக் கணக்கு. முதலாளி பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஆடி உனக்குத்தான் தம்பி. மண்ணடி பாய்மாருக்கு ஏது ஆடி?"

சென்னை ஜார்ஜ் டவுனை நான் படித்தது அந்தக் கடையின் சாம்பிள் ஆல்பங்களில்தான். பிள்ளையார் போட்ட அட்டைகள் ஒரு அடுக்கு. வாங்கிப்போனவர்கள் மூலைக்கு மூலை மஞ்சள் தடவிக்கொள்வார்கள். 786 போட்ட பச்சை அட்டைகள் இன்னொரு அடுக்கு. அதில் உருவம் எதுவும் இருக்கக்கூடாது, மயில்கூட. மணமகள் அங்கே 'தீன்குலச்செல்வி', இங்கே 'திருநிறைச்செல்வி'. சிலுவை அடுக்கில் 'பரிசுத்த விவாகம்', மேலே ஒரு வேத வசனம். சௌகார்பேட்டை சேட்டுகளுக்கு அட்டை போதாது, பெட்டி வேண்டும்: மெஹந்திக்கு ஒரு தாள், சங்கீத்துக்கு ஒரு தாள், அடியில் முந்திரி பாதாம் வைக்கத் தடுப்பு. ஒரு பெட்டியின் விலையைக் கேட்டுவிட்டு அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

புரூஃப் பார்க்க வந்த மண்ணடி பாய் ஒருவர், சுவரில் தொங்கிய தினசரி காலண்டர் தாளில் ஹிஜ்ரி தேதியைச் சரிபார்த்துவிட்டுச் சொன்னார்: "பிறை ஒரு நாள் முன்னப்பின்ன ஆகும் தம்பி. இங்கிலீஷ் தேதியப் பெருசாப் போடு." அதற்கு முன் அந்தத் தாளில் ராகு காலத்துக்குக் கீழே நான் பார்த்ததே இல்லை.

நமக்கு ஆடியும் மார்கழியும் ஆகாது. பாய்மாருக்கு ரமலானில் கல்யாணம் கிடையாது. அதுவும் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம். சேட்டுகளுக்கு ஆடியை ஒட்டித் தொடங்கி தீபாவளி தாண்டும்வரை சாதுர்மாஸம். எல்லோரும் சேர்ந்தாற்போல் கதவைச் சாத்தும் மாதம் என்று ஒன்று வராது. எங்கள் சம்பளம் வந்த வழி அதுதான்.

இதற்கு மதநல்லிணக்கம் என்று பெயர் வைத்து, கோயிலையும் மசூதியையும் சர்ச்சையும் ஒரே படத்தில் வரைவதில் எனக்கு உடன்பாடில்லை. இங்கே ஒருவர் வீட்டு அடுப்படிக்குள் இன்னொருவர் போவது அபூர்வம். ஆனால் சேட்டு பாய்க்குக் கடன் கொடுப்பார், பாய் செட்டியாருக்குச் சரக்கு அனுப்புவார், சொன்ன தேதியில் பணம் வரும். வராவிட்டால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அன்பைவிட இந்தப் பயம் உறுதியானது என்று இன்றும் நினைக்கிறேன்.

அச்சுத்தொழில் இந்தப் பேட்டைக்குப் புதிதல்ல. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794இல் சென்னையில்தான் வெளிவந்தது. அதை நடத்திய பாதிரியார் ஷ்மவோனியனின் கல்லறை, 1772இல் கட்டிய ஆர்மீனியன் சர்ச்சில் இருக்கிறது. ஆர்மீனிய வணிகர்கள் போய்விட்டார்கள். தெருவுக்குப் பெயர் மட்டும் மிச்சம். அதே தெருவில் மேரி மாதா கோயில். செவ்வாய்க்கிழமை அந்தோணியாரைப் பார்க்க நெற்றியில் திருநீறோடு வருகிறவர்கள் ஏராளம். தம்புச்செட்டித் தெரு காளிகாம்பாள் கோயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜார்ஜ் டவுனைப் பார்க்கப் போகிறவர்கள் காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 2019இல் வந்த மண்ணடி மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். ஆர்மீனியன் சர்ச்சைப் பிற்பகலில் பூட்டிவிடுவார்கள், அதனால் காலையில் அங்கே. சௌகார்பேட்டையில் மின்ட் தெரு ஜிலேபி. பொழுது சாய்ந்ததும் செகண்ட் லைன் பீச்சில் அத்தோ: 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்தது. நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், நொறுக்கிய பேஜோ என்கிற மொறுமொறு பலகாரம் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். காரம் குறைவாக என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூடவே வரும் வாழைத்தண்டு சூப்புக்குத் தனிக்காசு கிடையாது, இரண்டாவது கிண்ணம் தயங்காமல் கேட்கலாம்.