கன்னம் சிவந்த மலைவாசி

அமெரிக்காவில் டென்னசி, வட கரோலினா மாநிலங்களின் எல்லையில், நீலப் புகை சூழ்ந்தாற்போல் நிற்கிறது கிரேட் ஸ்மோக்கி மலைத்தொடர். எல்லோரும் அங்கே கரடி பார்க்கப் போவார்கள். நான் போனது விரல் நீளச் சாலமாண்டரைப் பார்க்க!

தோற்றத்தில் பல்லி, உறவு என்னவோ தவளையோடு. இந்தத் தேசியப் பூங்காவில் மட்டும் சுமார் 30 வகைகள். பெரும்பாலானவற்றுக்கு நுரையீரலே கிடையாது. ஈரத் தோல் வழியாகத்தான் மூச்சு. தோல் காய்ந்தால் உயிர் போச்சு!

பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு 55 அங்குல மழை. உச்சிகளில் 85 அங்குலம். 6,643 அடி உயரமுள்ள குவோஹி சிகரத்தை நெருங்கியதுமே நான் சால்வையைத் தேடினேன். உயரம் மாறினால் குடியிருப்பவரும் மாறுகிறார்கள். கன்னம் சிவந்த சாலமாண்டர் உலகிலேயே இந்த மலைப்பகுதியில்தான் உண்டு. அதுவும் குளிர்ந்த மேட்டில்தான் அதிகம்.

ஆராய்ச்சியாளர்கள் இரவில் டார்ச் விளக்கோடு, ஒவ்வொரு உயரத்திலும் தலை எண்ணுகிறார்கள். வெப்பம், ஈரம் எவ்வளவு என்றும் குறித்துக்கொள்கிறார்கள். 1970களில் நெல்சன் ஹேர்ஸ்டன் என்ற விஞ்ஞானி, சில இடங்களில் சிவந்த கன்னக்காரரை அகற்றிப் பார்த்தார். அங்கே அண்டை இனம் பெருகிவிட்டது!

எதற்கு இந்தக் கணக்கெல்லாம் என்கிறீர்களா? பூமி சூடேறினால் கீழே இருப்பவை மேலே ஏறலாம். உச்சியில் இருப்பவை எங்கே போகும், சொல்லுங்கள்?

அந்தப் பக்கம் போகும் சகோதரிகளே, கல்லையோ மரக்கட்டையையோ புரட்டாதீர்கள்; அதுதான் அவற்றின் கூரை. கையில் எடுக்கவும் வேண்டாம். நாம் பூசும் க்ரீம்கூட அந்தத் தோலுக்கு ஆகாது.