வில்லைப் பார்த்து வாங்கிய கத்தி

ரோதெஸ் நகரிலிருந்து வடக்கே 55 கிலோமீட்டர் போலக் காரில் மேடேறினால், மரங்கள் குறைந்துகொண்டே வந்து கடைசியில் புல்லும் கல்வேலியும்தான் மிஞ்சுகின்றன. தெற்குப் பிரான்சின் ஓப்ராக் மேட்டுநிலம் இது. ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் லாயோல் என்ற சிற்றூர். செப்டம்பர் மாதக் காலையிலேயே காற்று காதை அறைந்தது. சாலையோரம் மேய்ந்த மாடுகளெல்லாம் ஒரே கோதுமை நிறம். மை தீட்டிவிட்டது போல கண்ணைச் சுற்றிக் கறுப்பு, கொம்பு நுனியிலும் கறுப்பு.

ஊர் நடுவே சந்தைத் திடலில் ஒரு வெண்கலக் காளை நிற்கிறது. அதைச் சுற்றிக் கருங்கல் வீடுகள், பாலாடைக்கட்டிக் கடைகள். மற்றபடி கண்ணாடிக்குப் பின்னால் வரிசை வரிசையாக மடக்குக் கத்திகள். இந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய கத்தி உலகம் முழுக்க விற்கிறது. மெலிந்த உடல், லேசாக வளைந்த கைப்பிடி, கைப்பிடியின் முதுகில் ஒரு சின்னத் தேனீ. படத்தில் பார்த்திருப்பீர்கள்.

முதலில் நுழைந்தது நினைவுப்பொருள் கடை. சாவிக்கொத்துகளுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் கத்திகள் கிடந்தன, விலை 15 யூரோ. அலகில் ‘லாயோல்’ என்று பொறித்திருந்தது, தேனீயும் இருந்தது. தெருவின் மறுபுறக் கடையில் அதே உருவம், அதே தேனீ, அதே பெயர், விலை 150 யூரோ. இந்தப் பத்து மடங்கு எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தேன்.

பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஊருக்குச் சம்பந்தமில்லாத வியாபாரி ஒருவர் 1993-ல் இந்தப் பெயரைப் பலவகைப் பொருள்களுக்கு வணிகச் சின்னமாகப் பதிந்துகொள்ள, ஊர்க்காரர்கள் வருடக்கணக்கில் வழக்காடினார்கள். பாகிஸ்தானிலும் சீனாவிலும் செய்த கத்திகள்கூட இதே பெயரோடு வருகின்றன.

ஊர் எல்லையில் ‘ஃபோர்ஜ் த லாயோல்’ பட்டறை இருக்கிறது. திடலிலிருந்து நடந்தே போய்விடலாம். 1987-ல் தொடங்கியது. கட்டடத்தை வடிவமைத்தவர் பிலிப் ஸ்டார்க். கூரையைப் பிளந்துகொண்டு 18 மீட்டர் உயரத்தில் ஒரு கத்தி அலகு வானத்தைப் பார்த்து நிற்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. கையடக்கப் பொருளுக்கு அவ்வளவு பெரிய விளம்பரம் தேவையில்லை என்று பட்டது. உள்ளே போனதும் அதை மறந்துவிட்டேன்.

எண்ணெய் வாடை, காய்ந்த இரும்பின் வாடை, அதோடு ஏதோ மிளகு வாசனை. ஒரு தொழிலாளி ஜூனிப்பர் மரத் துண்டைச் சுழலும் பட்டையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார், அதன் தூள்தான் மணத்தது. இங்கே ஒரு கத்தியை முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஆள்தான் கோக்கிறார். அலகு, அதை அழுத்திப் பிடிக்கும் முதுகு வில் (ஸ்பிரிங்), இரண்டு பக்கத் தகடுகள், அவற்றின் மேல் மரமோ கொம்போ, இரு முனையிலும் பித்தளைக் குப்பி. எல்லாவற்றையும் ஆணியடித்து இறுக்குகிறார். கைப்பிடியில் துளையிட்டுச் சின்னச் சின்னப் பித்தளை ஊசிகளை இறக்கிச் சிலுவை வடிவமும் வைக்கிறார். கோவில் இல்லாத மேய்ச்சல் நிலத்தில், இடையர்கள் கத்தியை ரொட்டியில் குத்தி நிறுத்தி அந்தச் சிலுவையின் முன் ஜெபித்தார்கள் என்று வழிகாட்டிய பெண் சொன்னார்.

நான் அதிக நேரம் நின்றது வில் செதுக்கும் மேசை முன்னால். அரத்தைச் சாய்த்து ஓர் இழுப்பு, மறுபுறம் ஓர் இழுப்பு. வில்லின் முதுகில் கொடியும் இலையும் வந்தன. அச்சு எதுவும் கிடையாது. அடுத்தடுத்து இருந்த இரண்டு கத்திகளை வாங்கிப் பார்த்தேன், இலைகள் ஒன்றுபோல இல்லை. தேனீ வில்லோடு ஒரே இரும்பில் அடித்து எடுத்தது. ஒட்டுப் போட்ட கோடு எங்கும் தெரியவில்லை. 15 யூரோ கத்தியில் தேனீயின் அடியில் பற்றவைத்த தழும்பு மேடாக நின்றதும், அதன் வில்லில் இருந்த கோடுகள் எல்லாம் இயந்திரம் குத்திய ஒரே அளவுக் கோடுகள் என்பதும் அப்போது சட்டென்று நினைவுக்கு வந்தது.

திரும்பி ஊருக்குள் நடந்தபோது, பழைய கத்திகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்த கடை ஒன்றில் நுழைந்தேன். தேனீ எப்படி வந்தது என்று கேட்டதற்குக் கடைக்காரர், போரில் வீரம் காட்டிய இந்த ஊர்க்காரர்களுக்கு நெப்போலியனே கொடுத்த சின்னம் என்றார். ஆனால் அவருடைய பெட்டியிலேயே ஆகப் பழைய கத்திகளில் வில்லின் நுனி மொழுக்கென்று இருந்தது. கணக்கும் ஒத்துவரவில்லை. பியர்-ழான் கால்மெல்ஸ் இந்தக் கத்தியை இங்கே செய்யத் தொடங்கியது 1829 வாக்கில், நெப்போலியன் இறந்ததோ 1821-ல். தேனீ வந்தது 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில்தான். சில கத்திகளில் அலகோடு ஒரு துளை ஊசியும் மடிந்திருந்தது. அது 1840-ல் சேர்ந்தது, மாட்டுக்காரர்களுக்கு. கார்க் திருகி 1880-ல், பாரிசில் மதுக்கடைகளில் வேலைக்குப் போன இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு. பிழைப்பு மாற மாற, கத்தியில் ஒவ்வோர் உறுப்பாக முளைத்திருக்கிறது. அரசர் பரிசளித்த கதையைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

பிறகு 150 யூரோக் கடைக்குப் போய், கேட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தேன். கைப்பிடி 12 சென்டிமீட்டர், இதுதான் வழக்கமான அளவு. மூடிய கத்தியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மரத்துக்கும் பித்தளைக்கும் நடுவே ஒளி கசியக் கூடாது. நகத்தை ஓட்டினால் ஓர் இடத்திலும் தட்டக் கூடாது. அலகு இரண்டு தகடுகளுக்கும் சரிநடுவில் படுத்திருக்க வேண்டும். விரித்தபின் அலகைப் பக்கவாட்டில் அசைத்தால் அசையக் கூடாது. இந்தக் கத்திக்குப் பூட்டு கிடையாது. வில்லின் அழுத்தமும், அலகின் அடியில் உள்ள சிறு பள்ளமும்தான் பிடித்து நிறுத்துகின்றன. வில் தளர்ந்திருந்தால் விரலுக்கு ஆபத்து. மூடும்போது கையை விட்டு ‘டக்’ என்று விழவிடாதீர்கள், அலகின் கூர் விளிம்பு வில்லில் மோதி மழுங்கும் என்று கடைப்பெண் என் கையைப் பிடித்து மெதுவாக மூடிக் காட்டினார்.

கொம்புக் கைப்பிடிகள் 200 யூரோவைத் தாண்டின. நான் ஜூனிப்பர் கைப்பிடி வைத்த ஒன்றை எடுத்தேன், 145 யூரோ. “வடக்கே தியேரில் செய்வதை வாங்கிவிடாதீர்கள், அது அசல் இல்லை” என்று சொல்லித்தான் பொட்டலம் கட்டினார்.

அதனால் தியேருக்கும் போனேன். சுமார் 200 கிலோமீட்டர், மலையும் பள்ளத்தாக்குமாகப் பாதி நாள் ஓட்டம். செங்குத்துப் பாறையில் தொற்றிக்கொண்டிருக்கும் ஊர், கீழே துரோல் ஆறு இரைகிறது. நூற்றாண்டுகளாக அந்த ஆற்றுச் சக்கரங்களில்தான் சாணைக்கல் சுழன்றது. சாணைக்காரர்கள் கல்லுக்கு மேலே பலகையில் குப்புறப் படுத்தபடி தீட்டினார்கள். ஈரக் குளிருக்கு அணைவாக அவர்கள் கால்மேல் நாய்கள் படுத்துக்கிடந்தன. ஊரின் கத்தி அருங்காட்சியகத்தில் அந்தப் பலகையைப் பார்த்தேன். நாள் முழுக்க அதில் கிடந்த உடம்பை நினைத்தால் விலைச்சீட்டைப் பார்த்து முணுமுணுக்க மனம் வரவில்லை. இன்றும் பிரான்சின் கத்திகளில் பெரும்பங்கு இந்த ஊரில்தான் பிறக்கிறது. லாயோலில் பட்டறைகள் ஓய்ந்துபோயிருந்த பல பத்தாண்டுகள் லாயோல் கத்தியைச் செய்து அந்த உருவத்தை உயிரோடு வைத்திருந்ததும் இந்த ஊர்தான்.

மேட்டுத் தெருவில் ஒரு சிறு பட்டறைக் கடை. அதே தேனீக் கத்தி, ஆலிவ் மரக் கைப்பிடி, 130 யூரோ. பையிலிருந்த ஜூனிப்பர் கத்தியையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். தியேர்க் கத்தியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன், கசியவில்லை. நகம் தட்டவில்லை. அலகு நடுவில், அசைவு இல்லை. தேனீயின் அடியில் ஒட்டுக் கோடு இல்லை. வில்லில் அர இழுப்புகள் ஒன்றுக்கொன்று வேறு. சொல்லப்போனால், விரிக்கும்போது இதன் வில் இன்னும் கொஞ்சம் இறுக்கமாகவே இருந்தது. கடைக்காரரிடம் எதுவும் விவாதிக்கவில்லை. 130 யூரோவை எடுத்து வைத்தேன்.