முதலில் கல், அப்புறம் ஜாக்கி

கேமரன் மலைக்கு முதல் முறையாக வரும் உறவினர்கள், தேயிலைத் தோட்டம் கண்ணில் படுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டுவிடுவார்கள். "என்னங்க, இந்த ஊர்ல இவ்வளவு பழைய ஜீப்பு ஓடுது?" ஜீப் இல்லை, லேண்ட் ரோவர் என்று நாங்கள் திருத்துவோம். ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா என்று போகப் போக அவை எதிரே வந்துகொண்டே இருக்கும். முட்டைக்கோஸ் கூடை ஏற்றியது ஒன்று, கோழி எரு மூட்டை ஏற்றியது ஒன்று, கதவே இல்லாதது ஒன்று, பின் கண்ணாடிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தாள் ஒட்டியது ஒன்று. பல வண்டிகளுக்கு ஓட்டுபவரைவிட வயது அதிகம்.

"எப்படி இன்னும் ஓடுது?" என்பது அடுத்த கேள்வி. "வெள்ளைக்காரன் செஞ்சது, அப்படித்தான் இருக்கும்" என்று பலர் பதில் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது ஒப்பவில்லை. இந்த வண்டி கெடும், அடிக்கடி கெடும். ஆனால் கெட்ட இடத்தைத் திறந்து பார்க்கலாம், கழற்றலாம், சரிசெய்து மாட்டலாம். அதனால்தான் ஓடுகிறது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வண்டி ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக இருக்கிறது.

அதன் பூர்வீகத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். இங்கிலாந்தில் ரோவர் கார் நிறுவனத்தின் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், தம் பண்ணையில் போரில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அதுபோல் விவசாயிக்கு ஏற்ற வண்டியை நாமே செய்தால் என்ன என்று 1947-இல் அவருக்குத் தோன்றியது. 1948 ஏப்ரல் 30-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமானது. அப்போது இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. அதனால் வண்டியின் உடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள். தட்டையான தகடுகள், போல்ட்டுகள், ரிவெட்டுகள், அவ்வளவுதான். எளிதாகச் செய்ய வேண்டும் என்று போட்ட திட்டம், பிற்பாடு எங்கள் மலையில் வீட்டு வாசலில் வைத்துக் கழற்றுவதற்கும் எளிதாகிவிட்டது.

அதே 1948-இல்தான் மலாயாவில் அவசரகாலம் தொடங்கியது. ராணுவத்தோடும் போலீசோடும் லேண்ட் ரோவர்கள் காட்டுப் பாதைகளில் ஓடின. பிறகு அரசுத் துறைகள் வாங்கின. பழையதானதும் ஏலத்தில் விட்டன. சேறும் சரிவுமான காய்கறித் தோட்டங்களுக்கு அவை ஏறி வந்த கதை அதுதான்.

என் அப்பா தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டியவர். 1986-இல் அப்படி ஓர் ஏலத்தில் இந்த வண்டியை வாங்கினார். மூன்றாம் சீரிஸ், 109 அங்குல ரகம், 2286 சிசி டீசல் எஞ்சின். அம்மாவின் இரண்டு வளையல்கள் அதற்காகப் போயின. லயத்தில் சொந்தமாக வண்டி வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. "இவருக்கு எதுக்கு வண்டி?" என்று பேசியவர்களும் உண்டு.

எதற்கு என்பது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. லயத்து வீடு எங்களுடையது இல்லை. தகரக் கூரை ஒழுகினால் ஆபீசில் கிராணியிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஆள் வரும்வரை பாத்திரங்களை வரிசையாக வைத்து மழையைப் பிடிப்போம். அடுப்படிச் சுவரை ஓரடி தள்ளிக் கட்ட வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டார்; அது கடைசிவரை ஆசையாகவே இருந்தது. ஆனால் வண்டியின் கூரை ஒழுகினால் அப்பா யாரிடமும் கேட்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். ரப்பரை மாற்றுவார், தகட்டை நிமிர்த்துவார், பின்பக்கத்தில் பலகை இருக்கையைத் தாமே இழைத்துப் போடுவார். அவர் வாழ்க்கையில் அனுமதி கேட்காமல் கழற்றி மாட்டக்கூடிய பொருள் அது ஒன்றுதான்.

ஸ்பேனரைப் பிடிக்கக் கற்றுத் தருவதற்கு முன்பு அவர் எனக்கு வேறு ஒன்றைச் சொல்லித் தந்தார். "டேய், முதல்ல கல்லு. அப்புறம்தான் ஜாக்கி." சக்கரத்துக்கு அடியில் முன்னும் பின்னும் கல் வைக்காமல் ஜாக்கியைத் தொடக் கூடாது. கைபிரேக் போட்டிருக்கிறதே என்று கேட்டால் திட்டு விழும். காரணம் பிறகு புரிந்தது. இந்தப் பழைய ரகங்களில் கைபிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. கியர்பெட்டிக்குப் பின்னால், பின் அச்சுக்குப் போகும் தண்டைத்தான் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கினால், டிஃபரன்ஷியல் வழியாக அது ஒரு பக்கம் சுழலும், தரையில் நிற்கும் சக்கரம் மறுபக்கம் உருளும். கைபிரேக் போட்டபடியே வண்டி நகர்ந்துவிடும். அடியில் ஆள் படுத்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சமதரை அரிதான ஊரில் இது பாலபாடம்.

அடுத்தது துரு. "இது அலுமினியம், துருவே பிடிக்காது" என்று பெருமையாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. தோல்தான் அலுமினியம், எலும்பு இரும்பு. அடியில் இருக்கும் சேசிஸ், இரும்புத் தகடுகளைச் சேர்த்து வெல்டிங் செய்த நீளமான பெட்டிக் குழாய். உள்ளே சேறும் தண்ணீரும் புகுந்தால் வெளியே சாயம் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். மழையும் பனிமூட்டமும் மாறி மாறி வரும் எங்கள் மலையில் அந்தக் குழாய் முழுதாகக் காய்வதே அபூர்வம். போதாக்குறைக்கு உர மூட்டைகள். சிந்திய உரத்தில் இருக்கும் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை வேகமாகத் தின்னும்.

கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, காதால் முடியும். சிறிய சுத்தியலால் சேசிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு 'டங்' என்று திருப்பிச் சொல்லும். கெட்டது 'டொப்' என்று அடங்கிவிடும். அந்த இடத்தில் பழைய ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே இறங்கும். பின்கோடியில் இருக்கும் குறுக்குச் சட்டம், உடலைத் தாங்கும் பக்கக் கைகள், வில் பட்டைகள் மாட்டியிருக்கும் இடங்கள், கால் வைக்கும் தளத்தின் மூலைகள் ஆகியவற்றைத் தவறாமல் தட்டிப் பார்க்க வேண்டும்.

ஓட்டை தெரிந்ததும் அதன்மேல் ஒரு தகட்டை ஒட்டவைத்துக் கறுப்புச் சாயம் அடிப்பது சுலபம். அப்பா அதை "பொய்க்குப் பொட்டு வைக்கிறது" என்பார். கெட்டதை முழுவதும் வெட்டி எடுத்து, நல்ல இரும்பு வரும் இடத்திலிருந்துதான் புதுத் தகட்டை இணைக்க வேண்டும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும், எண்ணெய்த் தொட்டியை இறக்கி அப்பால் வைப்பதும் கட்டாயம். வேலை முடிந்ததும் குழாயின் உள்ளே மெழுகுக் கலவையைப் பீய்ச்சி அடிக்கிறேன். அந்தக் காலத்தில் பழைய எஞ்சின் எண்ணெயைத்தான் ஊற்றுவார்கள். அது சொட்டுச் சொட்டாக வடிந்து ஓடைக்குப் போகும். இந்தச் சரிவுகளின் ஓடைகள் ரிங்லெட் ஏரிக்கும் போகின்றன. அதனால் அந்தப் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். சேசிஸின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகளை ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்தாலே பாதி ஆயுள் கூடும். அதற்குக் காசு செலவில்லை.

அலுமினியத்துக்கும் நோய் உண்டு. இரும்பைத் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால், அந்த இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். கதவின் கீழ்விளிம்பில் சுண்ணாம்பு பூத்ததுபோல் தெரிவது அதுதான். இரண்டுக்கும் நடுவே ரப்பரோ கனத்த சாயமோ இருந்தால் தப்பிக்கும்.

இவையெல்லாம் பொறுத்திருக்கக்கூடிய வேலைகள். பிரேக் பொறுக்காது. ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் சாலையை ஒருமுறை ஓட்டியவருக்கு இது தெரியும். வளைவு முடிந்தால் வளைவு. எங்கள் வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறிப் பிடி குறையும். பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. ஈரம் சேர்ந்த எண்ணெய் அந்தச் சூட்டில் கொதித்து ஆவிக் குமிழி விட்டால், மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. ஆகவே எண்ணெயின் நிறம் எப்படியிருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றிவிடுகிறேன். இறக்கத்தில் இரண்டாம் கியர். ஏறும் கியரிலேயே இறங்கு என்று பழைய லோரி ஓட்டுநர்கள் சொன்னது இதற்காகத்தான்.

எல்லாவற்றையும் நானே செய்கிறேன் என்று சொல்லவில்லை. எண்ணெய், கிரீஸ், பிரேக் கட்டை, ஒழுகும் கூரை, பக்கக் கைகள் வரை என் வேலை. சேசிஸின் முதுகெலும்பில் வெல்டிங் என்றாலோ ஸ்டியரிங் பெட்டி என்றாலோ பட்டறைக்குத்தான். பிரேக் வேலை முடிந்தால் பட்டறைக்காரர் ஒருமுறை ஓட்டிப் பார்த்துத் தலையாட்டிய பிறகே பிள்ளைகள் ஏறலாம். எங்கே நிறுத்திக்கொள்வது என்று தெரிவதும் இந்த வேலையில் ஒரு பகுதி.

போன ஆண்டு கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். உலகெங்கும் இந்த வண்டிகளைத் தேடி வாங்குகிறார்கள். சீரிஸ் ரகங்களுக்குப் பின் வந்த டிஃபெண்டரின் உற்பத்தியும் 2016 ஜனவரியில் சோலிஹல் தொழிற்சாலையில் முடிந்துபோனது. அவர் சொன்ன விலை நல்ல விலை. ஜொகூரில் இருக்கும் தம்பியிடம் சொன்னேன். "கொடுத்துடலாம்ண்ணே. அப்பாவும் இல்ல. உங்களுக்கும் வயசாகுது. அந்த ரோட்ல அந்த வண்டியில நீங்க போறது எனக்குப் பயமா இருக்கு" என்றான். அதில் பணத்தாசை இல்லை, அக்கறைதான் இருந்தது. அதனால் மறுத்துப் பேசுவதும் கடினமாக இருந்தது.

ஒரு முடிவுக்கு வந்தோம். தீபாவளிக்கு அவன் வரும்போது இருவரும் சேர்ந்து சேசிஸைத் தட்டிப் பார்ப்பது. முதுகெலும்பு கெட்டிருந்தால் உள்ளதைச் சொல்லி விற்றுவிடுவது. அந்த நிலையில் எவரும் அதில் ஏறக் கூடாது. கெடவில்லை என்றால் வைத்துக்கொள்வது.

பண்டிகைக்கு மறுநாள் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு அவனே கல்லைத் தூக்கி வந்து சக்கரங்களுக்கு வைத்தான். சொல்லாமலே வைத்தான். முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே போனான். நான் பக்கத்தில் படுத்து விளக்குப் பிடித்தேன். பாதி தூரம் போனதும் நிறுத்தி, "லயத்தை விட்டு வந்தப்போ அம்மியை எங்க வச்சோம்ண்ணே, ஞாபகம் இருக்கா?" என்றான். இருந்தது. 1994-இல் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. கட்டில், சாமி படங்கள், அம்மி, கோழிக்கூண்டு, நாங்கள் எல்லாரும் இரண்டே நடையில் இந்த வண்டியில்தான் ரிங்லெட் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அம்மி பின் அச்சுக்கு நேர் மேலே இருந்தது. அவன் அந்த இடத்தில்தான் தட்டிக்கொண்டிருந்தான். 'டங்' என்று கேட்டது.

கடைசிவரை தட்டி முடித்து வெளியே வந்து கையைத் துடைத்தான். "பின்னாடி குறுக்குச் சட்டம் மட்டும்தான்ண்ணே போயிருக்கு. மத்ததெல்லாம் நல்லா இருக்கு." விற்பதைப் பற்றி அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. கோலாலம்பூர்க்காரரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டேன்.

இன்று எங்கள் கையில் இருக்கும் பல பொருள்களை நம்மால் திறக்க முடிவதில்லை. திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய பிறகும் அவை பாதி இன்னொருவருடையவைதான். லயத்து வீட்டில் வளர்ந்த எனக்கு அந்த உணர்வு புதிதில்லை. அதனால்தானோ என்னவோ, கழற்றத் தெரிந்த ஒரு பொருளையாவது வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

மழை சற்று ஓயும் பிப்ரவரியில் குறுக்குச் சட்டத்தை மாற்றப் போகிறோம். வெல்டிங் பட்டறைக்காரருடையது, கழற்றுவதும் மாட்டுவதும் எங்களுடையது. தம்பி மூன்று நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். ஈப்போவிலிருந்து சட்டமும் வந்துவிட்டது.