கொய்யாவில் பட்ட சிவப்பு

கொய்யாவைக் கடித்துவிட்டுப் பார்த்தால், கடித்த இடத்தில் சிவப்பாக ஒரு கோடு. பழமோ வெள்ளைக் கொய்யா. பிரஷ் குத்தி ஈறு புண்ணாகியிருக்கும் என்று நினைத்து, அன்றிலிருந்து வலப்பக்கக் கடைவாயைத் தொடாமலே பல் துலக்கினேன். இரண்டு மாதமாகியும் ரத்தம் நிற்கவில்லை. வாய் நாற்றமும் சேர்ந்துகொண்டது.

பல் மருத்துவர் என் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். நல்ல ஈறு வெளிறிய ரோஜா நிறத்தில் பல்லை இறுக்கிப் பிடித்திருக்கும். என் கடைவாய் ஈறு கருஞ்சிவப்பாக உப்பி, பளபளவென்று இருந்தது. அதன் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் காரை. “ரத்தம் வருதுன்னு விட்டுட்டீங்க சார். அழுக்கு தங்கினதாலதான் ரத்தமே வருது. அந்த இடத்தைத்தான் மெதுவா, நல்லா தேய்க்கணும்” என்றார் அந்த அம்மா.

இதை 1965-லேயே ஹரால்ட் லோ என்ற நார்வேக்காரர் டென்மார்க்கில் சோதித்துக் காட்டினார். ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் ஒரு வாரம், பத்து நாளில் வீக்கம் வடிந்துவிட்டது.

அதே லோ 1970-இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார். பல் துலக்கும் வழக்கமும் பல் மருத்துவமும் எட்டியிராத 480 ஆண் தொழிலாளர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். எல்லோரும் நம் மலையகத் தமிழர்கள். நூற்றுக்கு 8 பேருக்கு நோய் வேகமாக முற்றி, 45 வயதுக்குள் பற்கள் முழுவதும் போயின. 81 பேருக்கு மெல்ல மெல்ல அரித்தது. 11 பேருக்கு மட்டும் ஈறு வீக்கத்தோடு நின்றது. உலகத்துப் பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிற இந்தக் கணக்கு, கொழுந்து பறிக்கும் மலைகளில் கேட்பாரற்று விழுந்த பற்களின் கணக்கு. படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என் தாத்தாவுக்கு எண்பது வயதிலும் முறுக்கு கடிக்க முடிந்தது. விடிந்ததும் சுண்டுவிரல் பருமனில் ஒரு வேப்பங்குச்சியை ஒடித்துக்கொண்டு கிணற்றடியில் உட்காருவார். நுனியை மென்று மென்று நாராக்கி, ஒவ்வொரு பல்லாக, ஈறு ஓரத்திலிருந்து பல் நுனியை நோக்கித் தேய்ப்பார். கடைசியில் குச்சியை இரண்டாகப் பிளந்து நாக்கை வழிப்பார். கால் மணி நேரமாவது ஆகும். வேம்பின் கசப்புக்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டு. ஆனால் அவர் பல்லைக் காத்ததில் அந்தக் கால் மணி நேரத்துக்கும் பெரிய பங்கு உண்டு என்பேன். வேம்பு கலந்த பற்பசையை அரை நிமிடம் தேய்த்துத் துப்பினால் அந்தப் பலன் கிடைக்காது.

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் ஈறு வீக்கத்துக்கு இதம். நல்லெண்ணெய் கொப்பளிப்பதும் நல்லதே. ஆனால் கல்லாக இறுகிவிட்ட காரையை இவை எதுவும் கரைக்காது. கருவியால்தான் எடுக்க வேண்டும். செங்கல் தூளும் அடுப்புக்கரியும் வேண்டவே வேண்டாம், பல்லைத் தேய்த்துவிடும். புகை பிடிப்பவர்களுக்கு ஈறு கெட்டிருந்தாலும் ரத்தம் அவ்வளவாக வராது. அதனால் நோய் மறைந்தே வளரும். சர்க்கரை நோய் ஈறைக் கெடுக்கும், கெட்ட ஈறு சர்க்கரையை ஏற்றும்.

“க்ளீன் பண்ணினா பல் ஆட்டம் கண்டுடும்” என்று என்னைத் தடுத்தவர்கள் உண்டு. அது பயம்தான். பல்லைச் சுற்றி அரித்துக்கொண்டிருந்த காரை போனதும் இடைவெளி நாக்குக்குத் தட்டுப்படும், அவ்வளவே. எனக்குச் சுத்தம் செய்த இரண்டாவது வாரம் ரத்தம் நின்றது. இப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் மென்மையான பிரஷ்ஷால் இரண்டு நிமிடம் துலக்காமல் படுப்பதில்லை.

இன்று ராத்திரி பல் துலக்கிவிட்டுத் துப்பும்போது நுரையைக் கொஞ்சம் பாருங்கள். சிவப்பு தெரிந்தால் பிரஷ்ஷை ஒதுக்காதீர்கள். இந்த வாரமே ஒரு பல் மருத்துவரிடம் வாயைக் காட்டுங்கள்.